புல்லு வெட்டும் மெசினுக்கு நான் போட்ட பூசை

1

வெள்ளவத்தையில் தண்ணீர்ப் பம்போ ஜெனரேட்டரோ வைத்திருந்த ஆக்களுக்கு என்னை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நானும் நஸீரும் சேர்ந்து முப்பது வருசத்துக்கு மேல் ரிப்பேர் கடை நடத்தினோம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் வாசலில் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவேன். கடற்காற்றில் காபரேட்டர் வெள்ளை மாவாய்ப் பூத்துப்போன எஞ்சின்களையும் ஓட வைத்தனான். பெரிய படிப்புப் படித்த இஞ்சினியர்மார் காரில் வந்து என்னுடைய கடை ஸ்டூலில் காத்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

இப்போது ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மகன் சுதனின் வீட்டில் இருக்கிறேன். வந்து மூன்று வருசம். அடுத்த கிழமை சரஸ்வதி பூசை தொடங்குகிறது. எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கராஜுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோகிறேன்.

"ஏனப்பா இப்பிடித் திரியிறியள்? கதிரையிலை முள்ளா கிடக்கு?" என்று மனுசி கேட்கிறா. ஏன் என்று அவவுக்கும் தெரியும்.

போன விசயதசமி அன்றுதான் இந்தக் கராஜ் எரிந்தது. கரண்டால் எரிந்தது என்று நான் சொன்னேன். இந்தக் கராஜுக்குக் கரண்ட் வேலை செய்து தந்தவர் தேவன், எங்கள் கொட்டாஞ்சேனை ஆள். அந்த ஒரு சொல்லால் தேவனின் லைசென்ஸ் ஆட்டம் கண்டது, பிழைப்பும் அரைவாசியாய்ப் போனது. பேச்சு வெள்ளவத்தை மார்க்கெட் வரைக்கும் வந்துவிட்டதாம். அதனால்தான் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆக்கள் உங்களுக்கு எழுதுகிறேன். பேனை பிடித்துப் பழக்கமில்லாத கை, எழுத்து அங்கே இங்கே ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த தோட்டத்தில் புல்லு என்று ஒன்று முளைத்ததே இல்லை. கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை, ஒரு தண்ணீர்க் குழாய்க்கு நாற்பது வீடு. முளைக்க இடம் எங்கே?

இங்கே புல்லுக்குக் கிடைக்கிற மரியாதை மனுசனுக்குக் கிடையாது. வந்த புதிதில் வெட்டாமல் விட்டோம், நகரசபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சுதன் வாசித்துச் சொன்னான். மாட்டுக்கும் போடாமல் சும்மா வெட்டிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிற புல்லு, அதுக்கு ஒரு கவர்மென்ட் கடிதமா என்று கேட்டேன். "அப்பா, இது கொழும்பு இல்லை" என்றான். அவனிடம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். முந்தி நாலு வரி கதைப்பான். இப்போது நாலு சொல், அதில் மூன்று இங்கிலீஸ்.

அந்தக் கிழமையே பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் பெற்றோலில் ஓடுகிற புல்லு வெட்டும் மெசின் ஒன்றைக் குப்பைக்கு வைத்திருந்தார். உருட்டி வந்தேன், அரை நாளில் ஓட வைத்தேன். கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கை தட்டினார். அன்றிலிருந்து இந்தத் தெருவில் ஏழு வீட்டு மெசினுக்கு நான்தான் டொக்டர். என்னுடைய இங்கிலீஸ் அவர்களுக்கு விளங்காது, அவர்களுடையது எனக்கு விளங்காது. ஆனால் மெசின் ஓடினால் எல்லாருக்கும் விளங்கும்.

இந்த மெசினைத் துப்பரவாக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சின் நன்றாக ஆறவேணும். பிறகு எதையும் தொட முந்தி எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக்கின் வயரைக் கழற்றித் தூர ஒதுக்கி வைக்கவேணும். ஏனென்றால் அடியில் இருக்கிற கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சினும் கூடத் திரும்பும். ஒரு பொறி விழுந்தால் காணும், விரலைத் தேடிப் பொறுக்கவேண்டி வரும். மெசினைச் சரிக்கும்போது காற்று வடிகட்டி மேலே பார்த்துக்கொண்டு இருக்கவேணும். மற்றப் பக்கம் சரித்தால் ஒயில் அதற்குள் இறங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணத் தெருவே புகையாகும். ஒட்டிக் காய்ந்த புல்லை மரத்துண்டால் சுரண்டி, சவர்க்காரத் தண்ணீரால் துடைக்கவேணும். கத்தியைத் தொட்டால் தடித்த கையுறை போடவேணும். குளிர் தொடங்க முந்தி டாங்கில் உள்ள பெற்றோலை வெளி முற்றத்தில் வைத்து, மூடி உள்ள கானில் வடித்துவிடவேணும். துடைத்த துணியைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்துக் காயவிடவேணும்.

பெற்றோலால் எதையும் துடைக்கவே கூடாது. அதன் ஆவி மேலே எழும்பிப் போகாது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நேற்றுப் படித்ததில்லை, பதின்மூன்று வயதிலிருந்து தெரியும். பத்து விரலோடு வேலையைத் தொடங்கினேன், இன்றைக்கும் பத்தும் இருக்கிறது.

3

எங்கள் கடையில் விசயதசமிக்கு ஆயுத பூசை பெரிதாக நடக்கும். சாவி, சுத்தியல், பம்பு, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நஸீர் முஸ்லிம். ஆனாலும் அவல் கடலைக்கு முதல் கை நீட்டுகிறவன் அவன்தான். ஒரேயொரு கட்டளை போடுவான்.

"கும்புடுங்க, நல்லாக் கும்புடுங்க. ஆனா நெருப்பு ரோட்டுல."

கற்பூரத்தை ஒழுங்கையில் வைத்துத்தான் கொளுத்துவோம். கடற்காற்று அணைக்கும், திருப்பிக் கொளுத்துவோம். நாலு பெட்டி நெருப்புக்குச்சி முடியும். "உங்கட சாமிக்கு வயசு போச்சு, குளிருது போல" என்று நஸீர் பகிடி விடுவான். அவன் ஒரு பயந்தாங்கொள்ளி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இங்கே வருசத்தின் கடைசிப் புல்லுவெட்டும் விசயதசமியும் ஒரே கிழமையில் வந்துவிடும். போன வருசம் அன்றைக்கு மழை, எலும்பில் ஏறுகிற குளிர். கராஜின் பெரிய கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிளக் வயரைக் கழற்றினேன். வடிகட்டியை மேலே வைத்துச் சரித்தேன். சுரண்டினேன். எல்லாம் முறைப்படிதான்.

அடியில் பழைய ஒயில் பிசுக்கு ஒன்று. சவர்க்காரத்துக்கு அது மசியவில்லை. பூசைக்கு வைக்கிற மெசின் பளபளக்க வேண்டாமா? டாங்கில் கொஞ்சம் பெற்றோல் மிச்சம் கிடந்தது. வெள்ளவத்தையில் பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மூன்று நாள் வரிசையில் ஓட்டோவுக்குள் சுருண்டு படுத்தவன் நான். ஒரு சொட்டை வீணாக்கவும் கை வராது. ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் வடித்து, அதில் பழந்துணியை நனைத்துத் துடைத்தேன். பிசுக்கு போய்விட்டது. துணியைச் சுவரோரம் போட்டேன். டப்பாவை மூடவில்லை.

மனுசி பூசைத் தட்டோடு வந்தா. நான் மெசினுக்குச் சந்தனம் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன்.

"பெற்றோல் மணக்குதப்பா. கற்பூரத்தை வெளியிலை கொண்டுபோய்க் காட்டுங்கோ."

"மழையிலை கற்பூரம் நிக்குமே?"

"அப்ப கதவையாவது திறவுங்கோ."

"எஞ்சினைப் பற்றி எனக்கு நீர் சொல்லித் தாறீரோ?"

தட்டைத் தரையில் வைத்துக் குனிந்து கொளுத்தினேன்.

சத்தம் என்று பெரிதாக இல்லை. ஒரு ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி. நீல நிறத்தில் ஒன்று தரையோடு ஓடியது. டப்பா, துணி, அதற்கு மேலே அடுக்கிக் கிடந்த காட்போட் பெட்டிகள், சுவர். மனுசி பெரிய கதவின் பட்டனை அடித்து, என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினா. வெளியில் வந்த பிறகு பார்க்கிறேன், மற்றக் கையில் பூசைத் தட்டு.

"நெருப்பணைக்கிறவங்கள் சப்பாத்துக் காலோட வருவாங்கள். சாமித் தட்டு மிதிபடக் கூடாது" என்று சொல்லி, முன் வாசலால் போய் அதைக் கழுவிச் சாமி அறையில் வைத்துவிட்டா. அவ ஒன்றையும் மறைக்க நினைத்துச் செய்யவில்லை. இதை நீங்கள் நம்பவேணும்.

அவர்கள் வந்து கால் மணித்தியாலத்தில் அணைத்துவிட்டார்கள். ஒரு சுவர் கரியானது, கூரையில் ஒரு பக்கம் போனது. எனக்குப் புருவம் இரண்டும் போனது. வேறு காயமில்லை.

4

சுதன் வேலையிலிருந்து ஓடி வந்தான். எரிந்த சுவரில் ஒரு பிளக் பொயின்ற் இருந்தது. கார் பட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பெட்டியை அதில்தான் மாட்டியிருந்தோம். ஆறு மாதத்துக்கு முந்தி தேவன் போட்டுத் தந்த பொயின்ற். சுதன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்பா, இதிலையிருந்தா தொடங்கினது? கரண்டா?"

அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓடியதைச் சொல்கிறேன். நெருப்பணைக்க வந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். இத்தாலிக்காரக் கிழவர் நிற்கிறார். ஏழு வீட்டுக்காரரும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தெருவின் டொக்டரைப் பார்த்தபடி.

"ஓம்" என்றேன். "கரண்டாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைக் கடதாசிகள் சொல்லிக்கொண்டு போயின. விசாரிக்க வந்தவருக்கு சுதன் இங்கிலீசில் விளக்கினான். இன்சூரன்ஸ்காரர் படம் எடுத்தார். கற்பூரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, இங்கே ஆர் கேட்கப்போகினம்? மெசின் எரிந்து கிடந்தது, கராஜில் மெசின் கிடப்பது வழமைதானே. 'பெரும்பாலும் மின்சாரம்' என்று எழுதி ஒரு கடிதம் வந்தது. நெருப்பைக் கண்ட ஆள் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அன்றிரவு நஸீருக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன், "தேவன்ர வயர் மச்சான்" என்று. கேட்காததையும் சொன்னேன் பாருங்கள்.

இரண்டு கிழமையில் தேவன் வந்தார். ஐம்பது வயது ஆள், என்னைப் போலவே படிப்புக் குறைவு. இங்கே வந்து இரவுப் பள்ளிக்கூடம் போய், மூன்று தரம் சோதனை எழுதி லைசென்ஸ் எடுத்தவர். லைசென்ஸ் கொடுக்கிற இடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. அவர் அதைப் பற்றிச் சண்டை பிடிக்க வரவில்லை. ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு, கரியான சுவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அரை மணித்தியாலம் பார்த்தார்.

"அண்ணை, எர்த் வயரை வடிவா இறுக்கினனான். இப்பவும் இறுக்கமாத்தான் கிடக்கு. எங்கை பிழை விட்டிருப்பன்? நீங்கள் பாருங்கோ, உங்களுக்குத் தெரியும்."

நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவுடன் விளங்கியது. ஸ்குரூ எல்லாம் கல்லு மாதிரி இறுக்கம். வயரின் தோல் வெளியிலிருந்து உள்ளே எரிந்திருந்தது. கரண்டால் என்றால் உள்ளேயிருந்து வெளியே எரியும்.

"எங்கையாவது லூசா இருந்திருக்கும் தேவன்" என்று சொன்னேன். "கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் ஆரம்பத்தில நடந்திருக்கு."

நடக்கவில்லை. எனக்கு ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. அவரைத் தேற்றுவது போலச் சொல்லி, இல்லாத பிழையை அவர் தலையில் கட்டினேன். தேவன் எழும்பி, முழங்கால் கரியைத் தட்டினார்.

"அப்ப மற்ற வீடுகளிலும் விட்டிருப்பன்" என்றார். முகம் செத்துப்போச்சு.

அடுத்த நாளிலிருந்து அவர் தான் வயர் போட்ட வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினார். சும்மா, காசில்லாமல். சனி ஞாயிறுகளில் சுவர்ப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்துத் திருப்பிப் பூட்டுகிறார் என்று மனுசி கோயிலில் கேட்டுவிட்டு வந்து சொன்னா. அப்படி ஒருவர் வந்து தன் வேலையைத் தானே சந்தேகப்பட்டால் சனம் என்ன நினைக்கும்? புது வேலைக்குக் கூப்பிடுகிறதை நிறுத்திவிட்டார்கள்.

பனிக்காலம் முழுக்க எனக்கு இது காதில் விழுந்துகொண்டே இருந்தது. கராஜைத் திருப்பிக் கட்டினார்கள். இளவேனில் வந்தது, புல்லு வந்தது, சுதன் பட்டரியில் ஓடுகிற மெசின் ஒன்று வாங்கி வந்தான். "இனி maintenance தேவையில்லை அப்பா" என்றான். அந்த இங்கிலீஸ் சொல் எனக்கு விளங்கியது. அயலாரின் மெசின்கள் வந்தன. நானும் கழற்றினேன், பூட்டினேன். ஒவ்வொரு ஸ்குரூவை இறுக்கும்போதும் தேவன் எங்கேயோ ஒன்றைக் கழற்றிக்கொண்டிருப்பார் என்று தோன்றும்.

5

ஆவணி மாதம் நஸீர் போன் எடுத்தான். வழமையாகப் பகிடியோடு தொடங்குகிறவன், அன்றைக்கு நேரே வந்தான்.

"மச்சான், கொட்டாஞ்சேனையில தேவனோட அக்கா இருக்காங்கதானே, தையல் கடை. நேத்து கடைக்கு வந்தாங்க."

"என்னவாம்?"

"மார்க்கெட்டுல எவனோ கேட்டிருக்கான், ஒங்கட தம்பி வீடு எரிச்சாராமேன்னு. அழுதாங்கடா. எங்கிட்ட கேக்குறாங்க, நீங்க கரண்ட் வேல தெரிஞ்சவர், எந்தம்பி அப்புடிச் செய்வானான்னு. நான் என்ன சொல்ல? மார்க்கெட்டுல சொன்னதே நான்தானே, நீ சொன்னேன்னு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஒண்ணு கேக்கவா? எரிஞ்சது ஆயுத பூச அன்னைக்கி."

"ஓம்."

"கற்பூரம் எங்க கொளுத்தினே?"

காலி வீதியால் போகிற பஸ் ஹோர்ன் ஒன்று போனுக்குள் கேட்டது.

"ரோட்டுல வெக்க நான் இல்லாமப் போயிட்டேன், அப்புடித்தானே?" என்றான் நஸீர். "துணிய எதால தொடச்சே?"

"பெற்றோல்."

"பைத்தியமாடா ஒனக்கு! நீயாடா? மத்தவன் செஞ்சா நாலு நாளைக்கி ஏசுவியேடா நீ!"

முப்பது வருசத்தில் அவன் என்னை இப்படி ஏசினதில்லை. ஏசி முடித்துவிட்டு, குரல் இறங்கி, "மனிசிக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டான். அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். நான்கூட அதுவரைக்கும் அப்படி யோசிக்கவில்லை. புருவத்தை நினைத்தேன், பெயரை நினைத்தேன். அவ எனக்குப் பக்கத்தில் நின்றவ.

6

நானாக வாய் திறந்து சுதனிடம்தான் முதலில் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், மனுசி பக்கத்தில் இருக்க.

அவன் கரண்டியை வைத்தான். "கையெழுத்துப் போட்டாச்சு அப்பா. இப்ப மாத்திச் சொன்னா பொய் சொல்லிக் கிளெய்ம் பண்ணினதா ஆகும். வீடு என்ர பேரிலை. உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது."

"அப்ப 'தெரியாமல் செய்திட்டன்' எண்டு சொல்லுங்கோ. வயசு போன ஆள், படிக்கேல்லை, பெற்றோல் பற்றித் தெரியாது. அப்பிடியெண்டாத்தான் விடுவாங்கள்."

நல்ல யோசனைதான். பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தான். ஆனால் எனக்கு எழும்பி நிற்கவேண்டி வந்தது.

"எனக்குத் தெரியும் சுதன். தெரிஞ்சுதான் செய்தனான். தெரியாது எண்டு மட்டும் எழுதாதை."

அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். ஆனால் கடிதத்தை அவன்தான் இங்கிலீசில் அடித்தான். நான் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லும் மாற்றாமல். இன்சூரன்ஸுக்கு ஒன்று, தேவனின் லைசென்ஸ் இடத்துக்கு ஒன்று. பதில் இன்னும் வரவில்லை. என்ன வரும் என்றும் தெரியாது. தபால்காரன் வருகிற நேரத்துக்கு நான் வாசலில் நிற்கிறேன். சுதனும் யன்னலால் பார்க்கிறான், பார்க்காதது போல.

கடிதங்கள் போன அன்றே தேவனைத் தேடிப் போனேன். இரண்டு பஸ் மாறவேணும். யாரோ ஒருவரின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தார். தரையில் சப்பாணி கொட்டி, மடியில் ஒரு சுவர்ப் பெட்டியின் மூடி, வாயில் இரண்டு ஸ்குரூ.

நின்றபடியே சொன்னேன். டப்பா, துணி, கற்பூரம், தட்டு, 'லூசா இருந்திருக்கும்' என்று நான் சொன்னது. ஒன்றும் விடவில்லை.

அவர் வாயிலிருந்த ஸ்குரூக்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"இருபத்திமூண்டு வீடு பாத்திட்டன் அண்ணை," என்றார். "ஒண்டிலையும் பிழை இல்லை. பிழை இல்லை எண்டதைப் பாக்கப் பாக்கத்தான் எனக்குப் பயம் கூடினது. எனக்குப் பிழை கண்டுபிடிக்கவும் தெரியாதாக்கும் எண்டு."

மூடியைப் பூட்டி, ஸ்குரூவை இறுக்கினார். எழும்பும்போது நான் கை கொடுத்தேன், அவர் பிடிக்கவில்லை.

"இஞ்சை சொன்னது காணாது. நீங்கள் மெசின்காரர். உங்கடை சொல்லை அங்கை எல்லாரும் நம்புவினம், அதாலைதானே நம்பினவை. அக்காவுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் அதைத் தரவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்தேன். அன்றிலிருந்துதான் இந்த எழுத்து வேலை. ஐந்து நாளாய் எழுதுகிறேன், எழும்புகிறேன், எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் தையல் கடை வைத்திருக்கும் தேவனின் அக்கா, எனக்கு நீங்கள் தங்கச்சி மாதிரி, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் நஸீர் கொண்டுவந்து தருவான், சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பி போட்ட வேலையை நெருப்பு தின்ற பிறகும் நான் கையால் தொட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்குரூ இளகவில்லை. ஒரு வயர் மாறவில்லை. எரிந்து கரியான பிறகும் எது எங்கே போகிறது என்று பிழையில்லாமல் தெரிந்தது. இப்படி ஒரு வேலையை நான் என்னுடைய கடையில் செய்ததில்லை.